சுவர் எழுப்பினால் வரத்து நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க–மெக்சிகோ எல்லைச் சுவரைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் தேவைப்படுகிறது என்பதே காரணம்.

கேள்வி: மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டுவேன், அதற்கான பணத்தை மெக்சிகோவிடமே வாங்குவேன் என்று சொல்லி ட்ரம்ப் 2016 தேர்தலில் வென்றார். உண்மையில் எவ்வளவு கட்டினார்? பணம் வந்ததா? – வாசகர், திருப்பூர்

பதில்: மெக்சிகோவிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. முதல் ஆட்சிக் காலத்தில் சுவருக்கென்று திரட்டப்பட்ட சுமார் 15 பில்லியன் டாலரும் அமெரிக்கர்களின் வரிப்பணம்தான். கேட்ட தொகையைத் தர நாடாளுமன்றம் மறுத்ததால் அரசு அலுவலகங்கள் 35 நாட்கள் முடங்கிக் கிடந்தன. அதன் பிறகு 2019 பிப்ரவரியில் தேசிய நெருக்கடி நிலையை அறிவித்து, ராணுவத்துக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். கட்டி முடித்தது சுமார் 730 கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி, முன்பே இருந்த பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் உயரமாக நட்டதுதான். அதுவரை எந்தத் தடுப்பும் இல்லாத நிலத்தில் புதிதாக எழுந்த முதன்மைச் சுவர் 100 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. எல்லையின் மொத்த நீளமோ 3,145 கிலோமீட்டர்.

ஆனால் இந்தக் கதையை ட்ரம்பிடமிருந்து தொடங்குவது, அவருடைய எதிரிகளுக்கு வசதியான ஒரு மறதி என்றே நினைக்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கும் மெக்சிகோவின் டிஹுவானாவுக்கும் இடையே, வியட்நாம் போர்க்கால ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்குப் பயன்பட்ட இரும்புத் தகடுகளை நிறுத்தி முதல் பெரிய வேலி போடப்பட்டது. அந்தத் தகடுகளின் மடிப்புகள் படுக்கை வாக்கில் அமைந்திருந்ததால் ஏணிப்படி போலக் கால்வைத்து ஏறிவிடலாம் என்பதை வேலி போட்டவர்கள் யோசிக்கவில்லை. 1994-இல் அதே பகுதியில் 'ஆபரேஷன் கேட்கீப்பர்' என்ற கெடுபிடி நடவடிக்கையைத் தொடங்கியது ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் அரசு. 2006-இல் சுமார் 1,100 கிலோமீட்டர் வேலிக்கு வழிசெய்த சட்டத்தில் குடியரசுக் கட்சியின் புஷ் கையெழுத்திட்டார். செனட் சபையில் அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், பைடன் மூவரும் உண்டு. ட்ரம்ப் பதவியேற்கும்போதே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஏதோ ஒரு தடுப்பு நின்றுகொண்டிருந்தது. அவர் செய்தது, இரு கட்சிகளும் ஓசையில்லாமல் செய்துவந்த வேலையை மேடையில் ஏற்றியது.

கேள்வி: அரசியலை விடுங்கள். சுவர் ஆட்களைத் தடுக்கிறதா, இல்லையா? ஒரே வரியில் பதில் சொல்ல முடியுமா? – வாசகர், வேலூர்

பதில்: கட்டிய இடத்தில் தடுக்கிறது, எல்லை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இடம் மாற்றுகிறது. ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன், இனி விளக்கம்.

1994 நிதியாண்டில் சான் டியேகோ பகுதியில் எல்லைக் காவல் படை பிடித்தவர்களின் கணக்கு நாலரை லட்சம். வேலியும் விளக்குகளும் கூடுதல் காவலர்களும் வந்த பிறகு, 2002-இல் அது ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. சுவரை ஆதரிப்பவர்கள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே காலத்தில் கிழக்கே அரிசோனாவின் டூசான் பகுதியில் பிடிபட்டவர்கள் சுமார் 1,40,000 என்பதிலிருந்து 2000-ஆம் ஆண்டில் ஆறு லட்சத்தைத் தாண்டினார்கள். ஊருக்கு நடுவே வேலி தாண்டியவர்கள் சோனோரா பாலைவனத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள் என்பதே இதன் பொருள். இது எதிர்பாராத விளைவும் அல்ல. 1994-இல் எல்லைக் காவல் படை வகுத்த திட்டமே, நகரங்களில் வழியை அடைத்துவிட்டால் மிச்சமிருக்கும் கடுமையான நிலப்பரப்பே ஆட்களை அஞ்ச வைக்கும் என்ற கணிப்பின் மேல் அமைந்ததுதான்.

நிலப்பரப்பு கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் அஞ்சவில்லை. 1998 முதல் எல்லைக் காவல் படையே பதிவு செய்துள்ள மரணங்கள் எண்ணாயிரத்துக்கும் மேல். வெப்பத்தில் நீர்வற்றி இறந்தவர்களும் ரியோ கிராண்டே ஆற்றில் மூழ்கியவர்களும் இதில் அதிகம். யாரும் கண்டெடுக்காத உடல்கள் இந்தக் கணக்கில் இல்லை. 2022-இல் மட்டும் 686 பேர் இறந்தோ காணாமலோ போனதாகக் கணக்கிட்ட சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு, நிலவழிப் பாதைகளில் உலகிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுதான் என்று அறிவித்தது. அரிசோனாப் பாலைவனத்தில் தன்னார்வலர்கள் ஆங்காங்கே தண்ணீர்ப் பீப்பாய்களை வைத்து, தொலைவிலிருந்து தெரியும்படி உயரமான கம்பத்தில் நீலக்கொடி கட்டியிருக்கிறார்கள். வழிதவறியவர்கள் அந்தக் கொடியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சுவரையே அருகில் போய்ப் பார்த்தால், அது நாம் மனத்தில் நினைக்கும் மதில் அல்ல. உள்ளே கான்கிரீட் நிரப்பிய சதுர இரும்புத் தூண்களை, இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, 18 முதல் 30 அடி உயரத்துக்கு வரிசையாக நட்டிருக்கிறார்கள். கடையில் எவரும் வாங்கக்கூடிய கையடக்க மின்வாளால் அந்தத் தூணை அறுத்துவிடலாம். 2019 முதல் 2021 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அறுத்திருக்கிறார்கள். அறுக்க முடியாதவர்கள் ஏணி வைத்து ஏறுகிறார்கள்; உயரம் 30 அடி ஆன பிறகு, விழுந்து எலும்பு நொறுங்கி சான் டியேகோ மருத்துவமனைகளுக்கு வருபவர்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது. அரிசோனாவில் கோடை மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம் சுவரையே சாய்த்துவிடும் என்பதால், அதில் அமைத்த மதகுக் கதவுகளை அந்த மாதங்களில் அரசே திறந்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விளைவு பலருடைய கண்ணில் படுவதில்லை. என் கருத்தில் அதுதான் முக்கியமானது. 1980-கள் வரை மெக்சிகோ ஆண்கள் அறுவடைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய், நான்கு காசு சேர்த்துக்கொண்டு, பண்டிகைக்கு ஊர் திரும்பிவிடுவார்கள்; அடுத்த ஆண்டு மீண்டும் போவார்கள். எல்லையைத் தாண்டுவது உயிருக்கும் பணத்துக்கும் ஆபத்தானதாக மாறியதும் திரும்பிப் போவதை நிறுத்தினார்கள், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். இதைப் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து எழுதியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி. எல்லைக் காவலர்களின் எண்ணிக்கை 1990-களின் தொடக்கத்தில் சுமார் நாலாயிரமாக இருந்து 2011-இல் இருபத்தோராயிரத்தைக் கடந்தது. ஆவணமில்லாமல் வசிப்பவர்களின் எண்ணிக்கையோ 1990-இல் 35 லட்சமாக இருந்து 2007-இல் 1 கோடியே 22 லட்சத்தை எட்டியது. வராமல் தடுக்கப் போட்ட வேலி, வந்தவர்களைத் திரும்பவிடாமல் தடுத்துவிட்டது.

விமானத்தில் முறையான விசாவோடு வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கிவிடுபவர்கள் ஆவணமற்றவர்களில் கணிசமான பங்கினர். அவர்கள் எந்தச் சுவரையும் பார்த்ததே இல்லை.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும், 2025-இல் ட்ரம்ப் மீண்டும் வந்ததும் எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை அடியோடு விழுந்துவிட்டதே? இது சுவரின் வெற்றி இல்லையா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: விழுந்தது உண்மை, அதை மறைக்கும் தாராளவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. 2023 டிசம்பரில் எல்லைக் காவல் படையிடம் சிக்கியவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். 2025-இன் வசந்த மாதங்களில் அது மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ஆனால் இடையில் நடந்ததைக் கவனியுங்கள். 2024-இன் தொடக்கத்திலிருந்தே மெக்சிகோ அரசு தன் மண்ணில் வடக்கே வருபவர்களை மறித்துத் தெற்கே திருப்பத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் பைடனே புகலிடம் கோரும் உரிமையைக் கடுமையாகச் சுருக்கி ஆணையிட்டார். ஆண்டு முடியும்போது எண்ணிக்கை சுமார் 47,000 ஆகக் குறைந்திருந்தது. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் எல்லையில் புகலிடம் கோருவதையே நிறுத்திவைத்தார். அதிகாரிகளைச் சந்திக்க 'சிபிபி ஒன்' என்ற கைப்பேசிச் செயலி வழியாக முன்பதிவு செய்து, மெக்சிகோ நகரங்களில் மாதக்கணக்கில் முறைக்காகக் காத்திருந்தவர்களின் பதிவுகள் அன்று நண்பகலிலேயே ரத்தாயின. இந்தப் பதினைந்து மாதங்களில் சுவரின் நீளம் சொல்லும்படியாக வளரவில்லை. அடைபட்டது புகலிடச் சட்டத்தின் வாசல். அதைக் கொண்டாடலாம் அல்லது கண்டிக்கலாம், இரும்புத் தூண்களின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

கேள்வி: அகதி என்றால் முறையாக விண்ணப்பித்து வர வேண்டியதுதானே? வேலி தாண்டி வருபவர் சட்டத்தை மீறியவர் இல்லையா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர், தன்னைத் துரத்தும் அரசிடமே போய்க் கடவுச்சீட்டும் வெளியேறும் அனுமதியும் கேட்க முடியாது என்பதை இரண்டாம் உலகப் போரின் அனுபவத்திலிருந்து உணர்ந்தே 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தை எழுதினார்கள். அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காக மட்டும், தாமதமின்றி அதிகாரிகள் முன் வந்து காரணம் சொல்லும் அகதியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33-ஆம் பிரிவு. அந்த ஒப்பந்தத்தை விரிவுபடுத்திய 1967-ஆம் ஆண்டு நெறிமுறையில் அமெரிக்கா 1968-இல் இணைந்தது. அந்நாட்டுக் குடிவரவுச் சட்டமும், அனுமதிக்கப்பட்ட நுழைவாயில் வழியாக வந்தாலும் வராவிட்டாலும், அமெரிக்க மண்ணில் கால்வைத்த எவரும் புகலிடம் கோரலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கோரலாம் என்றுதான் சொல்கிறது, கிடைக்கும் என்று சொல்லவில்லை.

கோருவதற்கும் கிடைப்பதற்கும் நடுவே உள்ள தொலைவை ஒரு தமிழரின் வழக்கு காட்டுகிறது. 2017-இன் தொடக்கத்தில் ஓர் இலங்கைத் தமிழர் கலிஃபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லையைத் தாண்டினார். 25 கெஜ தூரத்தில், அதாவது சுமார் 23 மீட்டரில், காவலர்களிடம் பிடிபட்டார். 1996-இல் கிளிண்டன் காலத்தில் வந்த சட்டத்தின்படி இப்படிப் பிடிபடுபவரை நீதிமன்ற விசாரணையின்றி உடனடியாகத் திருப்பி அனுப்பலாம். அஞ்சுவதாகச் சொன்னால் மட்டும் ஓர் அதிகாரி நேர்காணல் செய்து, அந்த அச்சம் நம்பத்தக்கதா என்று முடிவு செய்வார். ஊரில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது சிலர் வேனில் வந்து கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள் என்று அவர் சொன்னார். சொன்னதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியாததால், இன, அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்பட்டதாகக் கருத முடியாது என்று தள்ளிவிட்டார். இலங்கையில் வேனில் வந்து தூக்கிச் செல்பவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுச் செல்வார்கள் என்று அந்த அதிகாரி எதிர்பார்த்தாரோ என்னவோ.

இந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 25 அன்று, இரண்டுக்கு எதிராக ஏழு நீதிபதிகள் என்ற கணக்கில் அதை மாற்றியது. எல்லையைத் தாண்டி 25 கெஜம் வந்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் வாசற்படியில் நிற்பவர்தான். ஆகவே நாடாளுமன்றம் கொடுத்த அந்தக் குறுகிய நடைமுறைக்கு மேல் அரசியலமைப்பின் பாதுகாப்பை அவர் கோர முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். சோனியா சோட்டோமேயரும் எலினா கேகனும் மாறுபட்டார்கள். முப்பதடிச் சுவரைவிட இந்தத் தீர்ப்பு உயரமானது என்பது என் எண்ணம்.

கேள்வி: வேலைக்காக வருபவர்கள் சரி, அவர்களாவது வரிசையில் நின்று சட்டப்படி வரலாமே? – வாசகர், சேலம்

பதில்: எந்த வரிசையில்? பட்டமோ தனித்திறனோ இல்லாத, பண்ணையிலும் கோழி வெட்டும் ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைக்கக்கூடிய ஒருவருக்கு வேலை அடிப்படையில் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) கொடுப்பதற்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் ஒதுக்கீடு, உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அண்ணன் மெக்சிகோவிலிருக்கும் தம்பிக்கு மனுப்போட்டால், இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பண்ணை வேலைக்குத் தற்காலிக விசா உண்டு, ஆனால் அது வேலையாளை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறது.

ஒரு காலத்தில் வரிசை இருந்தது. போர்க்காலத்தில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது, 1942-இல் 'பிராசெரோ' திட்டத்தின் கீழ் அமெரிக்காவே மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் வரவழைத்தது. 1964-இல் அதை மூடுவதற்குள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே வந்த சட்டம் முதன்முறையாக மேற்கு அரைக்கோளத்துக்கும் எண்ணிக்கை வரம்பு விதித்தது. வேலை அப்படியே இருந்தது, ஆட்களும் அவர்களேதான். காகிதம் மட்டும் இல்லாமல் போனது.

முதலாளிகளை ஏன் யாரும் தொடுவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஆவணமற்றவருக்கு அடைக்கலம் கொடுப்பதைக் குற்றமாக்கிய 1952-ஆம் ஆண்டுச் சட்டம், அவருக்கு வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று கூடவே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது. டெக்சாஸ் பண்ணையார்களுக்காகச் சேர்த்த அந்த வரிக்கு 'டெக்சாஸ் விலக்கு' என்றே பெயர். 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ உரிமை வழங்கி, அதற்கு ஈடாக, தெரிந்தே ஆவணமற்றவரை வேலைக்கு வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. தெரிந்தே என்ற அந்த நிபந்தனையே போதுமானதாகிவிட்டது. காட்டிய அட்டை பார்வைக்கு அசலாகத் தெரிந்தால் முதலாளியின் பொறுப்பு முடிந்தது. இன்றும் பயிர்ப் பண்ணைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் உரிய ஆவணமில்லாதவர்கள். அவர்கள் அத்தனை பேரையும் ஒரே மாதத்தில் வெளியேற்றினால் தக்காளியும் திராட்சையும் செடியிலேயே அழுகும் என்பது சுவருக்குக் கைதட்டும் பண்ணை முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்.

கேள்வி: இந்தியர்களும் இப்படிப் போகிறார்களாமே? – வாசகி, காரைக்குடி

பதில்: போகிறார்கள், பஞ்சாப், ஹரியானா, குஜராத் மாநிலங்களிலிருந்து அதிகமாக. 'டங்கி' என்று வட இந்தியாவில் சொல்லப்படும் அந்த வழியில், முகவர்களுக்குப் பல லட்சங்களைக் கொடுத்துவிட்டு, தென் அமெரிக்காவில் இறங்கி, பனாமாவின் டேரியன் காட்டை நடந்தே கடந்து மெக்சிகோ எல்லைக்கு வருகிறார்கள். கனடா வழியாகவும் முயல்கிறார்கள். 8,891 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் சுவர் இல்லை, கட்ட வேண்டும் என்று மேடைகளில் யாரும் முழங்குவதும் இல்லை. 2022 ஜனவரியில் குஜராத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியும் அவர்களுடைய 11 வயதுப் பெண்ணும் 3 வயதுப் பையனும் மனிடோபாவில் எல்லைக்கோட்டிலிருந்து 12 மீட்டர் தூரத்தில் பனியில் உறைந்து கிடந்தார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று 104 பேரைக் கைவிலங்கும் கால்சங்கிலியும் பூட்டி ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: அமெரிக்காவைக் குறை சொல்கிறோம். இந்தியா மட்டும் என்ன செய்கிறது? – வாசகர், இராமநாதபுரம்

பதில்: நியாயமான கேள்வி. 4,096 கிலோமீட்டர் நீளமுள்ள வங்கதேச எல்லையில் சுமார் 3,200 கிலோமீட்டருக்கு நாம் வேலி போட்டிருக்கிறோம். ட்ரம்பின் சுவரைவிட நீளமானது. இரு நாடுகளும் 1975-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி எல்லைக்கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் தடுப்பு எழுப்பக் கூடாது என்பதால் வேலி பெரும்பாலும் உள்ளே தள்ளி நிற்கிறது. அதனால் மேற்கு வங்கத்திலும் அசாமிலும் ஏராளமான இந்திய விவசாயிகளின் வயல்கள் வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்டன. எல்லைப் பாதுகாப்புப் படை குறித்த நேரத்தில் கதவைத் திறக்கும். அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தன் சொந்த வயலுக்குப் போய், கதவு மூடும் முன் திரும்பிவிட வேண்டும். 2011 ஜனவரியில் இதே வேலியைத் தாண்ட முயன்ற 15 வயது வங்கதேசச் சிறுமி சுடப்பட்டு, அவள் உடல் முள்கம்பியில் மணிக்கணக்கில் தொங்கியது.

அகதிகள் விஷயத்தில் நம் நிலை இன்னும் விசித்திரமானது. 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 1983 முதல் மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் வந்திறங்கிய ஈழத்தமிழர்களை உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வீடுகளும் கட்டித் தந்தது; அது நல்ல காரியம். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை பெற முடியாது. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவருக்கும் இது பொருந்தும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு வழி திறந்தபோது இலங்கையை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

கேள்வி: பெர்லின் சுவர் போல மெக்சிகோ சுவரும் ஒரு நாள் இடிந்து விழுமா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெர்லின் சுவரை 1961-இல் எழுப்பிய அரசு, சொந்த மக்கள் வெளியேறாமல் தடுக்க அதை எழுப்பியது. அதை வெறுத்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள், 1989-இல் அவர்களே ஏறி நின்றார்கள். மெக்சிகோ எல்லைச் சுவரால் அவதிப்படுபவர்களுக்கு அமெரிக்காவில் வாக்கு கிடையாது. அதை விரும்புகிறவர்களுக்கு உண்டு. பெர்லின் சுவரில் 28 ஆண்டுகளில் இறந்தவர்கள் 140 பேருக்குக் குறையாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரிசோனாவிலும் டெக்சாசிலும் அந்த எண்ணிக்கையை ஓர் ஆண்டே மிஞ்சிவிடுகிறது. ஆனால் வெயில் கொல்லும்போது சுட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது, ஆகவே ஆத்திரமும் திரளுவதில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய செலவுச் சட்டம் சுவருக்கென்று மட்டும் 46.5 பில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறது. முதல் ஆட்சியில் திரட்டியதைப் போல இது மூன்று மடங்கு. இதே சமயம் குடிவரவு நீதிமன்றங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் சில நூறு நீதிபதிகளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை நீதிபதிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் செலவிட்டால், யார் அகதி, யார் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடலாம். தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதற்கும் அதுவே விரைவான வழி. ஆனால் நீதிபதி நியமனத்தைத் திறந்துவைக்க எந்தத் தலைவரும் கேமராக்களோடு பாலைவனத்துக்குப் போக முடியாது.